அத்தியாயம் 5: உள்ளே வரும் தரவு

தூத்துக்குடி மாநகராட்சியின் வட எல்லையை ஒட்டி இருக்கிறது மாப்பிள்ளையூரணி. இங்கே உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவரைத் தேடி வரும் உள்ளூர் வேலைகள் ஏறக்குறைய ஒரே சாயலில் இருக்கும். கிளியரிங் ஏஜென்சிக்குக் கண்டெய்னர் பட்டியல், லாரி செட்டுக்கு டிரிப் ஷீட், உப்பளக்காரருக்கு லோடு கணக்கு, தருவைகுளம் பக்கத்துப் படகு உரிமையாளருக்கு டீசல், ஐஸ், ஏலத்தொகைக் கணக்கு. நிரலாக எழுதும்போது இவற்றில் எதுவும் பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் தொடங்குவது வாட்ஸ்அப்பில் ஒரு எக்செல் கோப்பு வந்து விழும்போதுதான். அனுப்பியவர் பல வருடமாக அதே ஷீட்டில் கணக்கு எழுதுகிறவர். அவர் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது.

இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கோப்பைப் பற்றியது. "சாஃப்ட்வேர் தப்பாக் காட்டுது" என்று வரும் புகார்களைத் தோண்டிப் பார்த்தால், நிரலின் தர்க்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். உள்ளே வந்ததை யாரும் பார்க்காமல் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு முறை தரவுத்தளத்துக்குள் போய்விட்ட தப்பான எண் பில்லில் வரும், ரிப்போர்ட்டில் வரும், ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் மேசையிலும் வரும். அங்கிருந்து அதைத் திருத்துவதற்கு ஆகும் உழைப்பில் நூறில் ஒரு பங்குகூட அது நுழையும் இடத்தில் பிடிப்பதற்கு ஆகாது. எடிட்டர், டெர்மினல் அழகு, ஷார்ட்கட் போன்றவற்றைவிட இதற்கு இந்த நூலில் அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

கோப்பை அப்படியே பார்ப்பது

வந்த சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் திறந்து பார்க்காதீர்கள். எக்செல் திறக்கும்போதே தன் யூகத்தைச் சேர்த்துவிடும். தூத்துக்குடியின் எஸ்.டி.டி. எண் 0461. எக்செலில் அது 461 ஆகிவிடும். கதவு எண் 4/12 ஒரு தேதியாக மாறும். 12 இலக்க இ-வே பில் எண்ணை அடுக்கு வடிவத்தில் சுருக்கிக் காட்டும். அந்தத் தோற்றத்திலேயே மறுபடி சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் பின் இலக்கங்கள் திரும்பி வராது. 15 இலக்கத்துக்கு மேல் உள்ள வங்கிக் கணக்கு எண்களில் மிச்ச இலக்கங்களை எக்செல் சுழியமாக்கிவிடும். இது நம் ஊர்க் கணக்கருக்கு மட்டும் வரும் பாடு என்று நினைக்க வேண்டாம். சில மனித மரபணுக்களின் சுருக்கப் பெயர்கள் மார்ச், செப்டம்பர் மாதப் பெயர்களைப் போல் இருந்ததால் எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது.

டெர்மினலில் 'ஹெட்' கட்டளை முதல் பத்து வரிகளைக் காட்டும். 'ஃபைல்' கட்டளை குறியாக்கம் என்னவாக இருக்கலாம் என்று சொல்லும். சந்தேகம் வந்த வரியை 'எக்ஸ்எக்ஸ்டி' கட்டளைக்குக் கொடுத்தால் பைட் பைட்டாகப் பிரித்துக் காட்டும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி, வரி முடிவில் விண்டோஸ் ஒட்டிவைத்த கூடுதல் எழுத்து எல்லாம் அங்கே வெளிப்படும். பெரிய கோப்புக் குவியலில் ஒரு கண்டெய்னர் எண்ணைத் தேட 'ரிப்கிரெப்' போதும். பழைய 'கிரெப்' கட்டளையைவிட வேகம் அதிகம்.

இதற்கு அடுத்த படியாக நான் எல்லோருக்கும் சொல்வது எஸ்கியூலைட். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட இந்தத் தரவுத்தளத்துக்குச் சர்வர் வேண்டாம், நிறுவும் சடங்கு வேண்டாம், ஒரே கோப்புதான். சி.எஸ்.வி.யை அதற்குள் இறக்குமதி செய்யுங்கள். எல்லா நெடுவரிசையும் சரமாகவே இருக்கட்டும். பைத்தானில் பாண்டாஸ் பயன்படுத்துகிறவர்களும் வாசிக்கும்போதே எல்லாவற்றையும் சரமாக எடுக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் எக்செலைப் போல 0461-ஐ 461 ஆக்கும். பிறகு ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரே கேள்வி: இதில் என்னென்ன மதிப்புகள், ஒவ்வொன்றும் எத்தனை முறை? எடை நெடுவரிசையில் 24500, 24.5, "24.5 டன்" மூன்றும் கலந்து கிடப்பது இந்தக் கேள்வியில் உடனே தெரியும். ஒருமுறை மட்டும் வரும் மதிப்புகளைக் கடைசிவரை படியுங்கள், விவகாரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

யு.டி.எஃப்-8 சி.எஸ்.வி. ஒன்றை உருவாக்கி வாடிக்கையாளருக்கு அனுப்பினால், எக்செலில் தமிழ் எல்லாம் புரியாத குறிகளாகத் தெரிவதாகப் போன் வரும். கோப்பின் தலையில் பி.ஓ.எம். என்ற மூன்று பைட் அடையாளத்தைச் சேர்த்து அனுப்புங்கள், சரியாகத் திறக்கும். பைத்தானில் அதற்கு 'யுடிஎஃப்-8-சிக்' என்ற குறியாக்கப் பெயர் இருக்கிறது. அதே அடையாளம் உள்ள கோப்பு உங்களிடம் வரும்போது சாதாரண யு.டி.எஃப்-8 என்று வாசித்தால் முதல் நெடுவரிசையின் தலைப்புக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். தலைப்பில் 'பெயர்' என்று தெளிவாகத் தெரியும், நிரலோ அப்படி ஒரு நெடுவரிசை இல்லை என்று அடம்பிடிக்கும்.

கண்டெய்னர் எண்: சோதனை இலக்கம்

கண்டெய்னர் கதவில் இருக்கும் அடையாளம் மொத்தம் 11 குறிகள். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளருக்கு உரியவை. பாரிஸில் இருக்கும், 1933-இல் தொடங்கப்பட்ட பி.ஐ.சி. என்ற சர்வதேச அமைப்பு அவற்றைப் பதிந்து தருகிறது. நான்காவது எழுத்து வகையைச் சொல்லும். சரக்குக் கண்டெய்னருக்கு 'யு'. அடுத்து ஆறு இலக்க வரிசை எண். கடைசியில் கட்டம் போட்டுத் தனியாக எழுதியிருக்கும் ஒற்றை இலக்கம்தான் சோதனை இலக்கம். முன்னால் உள்ள பத்துக் குறிகளிலிருந்து அதைக் கணக்கிட்டு எடுக்கும் முறையை ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தரம் வகுத்திருக்கிறது.

ஏ என்றால் 10, பி என்றால் 12, சி என்றால் 13 என்று எழுத்துகளின் மதிப்பு ஏறிக்கொண்டே போய் இசட்டில் 38-இல் முடியும். 11-இன் மடங்குகளான 11, 22, 33 மூன்றையும் தாண்டிவிட வேண்டும். இலக்கங்களுக்கு அவற்றின் மதிப்பே மதிப்பு. முதல் குறியை 1-ஆல், இரண்டாவதை 2-ஆல், பிறகு 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பத்தாவது குறியை 512-ஆல் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதியே சோதனை இலக்கம். மீதி 10 என்றால் 0 என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

பாடநூல்களில் அடிக்கடி வரும் எண் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்: சி எஸ் கியூ யு 305438. எழுத்துகளின் மதிப்பு 13, 30, 28, 32. பெருக்கி வருபவை 13, 60, 112, 256. இலக்கங்களிலிருந்து 48, 0, 320, 512, 768, 4096. கூட்டுத்தொகை 6185. 11-ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே முழு எண் சி எஸ் கியூ யு 305438 3. தட்டச்சு செய்கிறவர் அவசரத்தில் 5-ஐயும் 4-ஐயும் இடம் மாற்றி 304538 என்று அடித்தால் கூட்டுத்தொகை 6249, மீதி 1. கடைசியில் 3 இருப்பதால் தவறு அந்த நொடியிலேயே பிடிபடும். பத்து வரியில் முடிகிற ஃபங்ஷன் இது. யார்டில் இல்லாத பெட்டியைத் தேடி டிரெய்லர் போய்த் திரும்பும் செலவை இந்தப் பத்து வரி தடுக்கும்.

இந்தக் கணக்கு எதைப் பிடிக்காது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சி 13, எம் 24, டபிள்யூ 35. மூன்றுக்கும் இடையே வித்தியாசம் 11. ஆகவே முதல் எழுத்தை சி-க்குப் பதில் எம் என்று அடித்தாலும் மீதி 3-தான் வரும், டபிள்யூ என்று அடித்தாலும் அதுதான். ஏ, கே, யு ஒரு கூட்டம். பி, எல், வி இன்னொரு கூட்டம். எழுத்துகளைப் பொறுத்தவரை சோதனை இலக்கத்தை மட்டும் நம்ப முடியாது. உங்கள் வாடிக்கையாளர் கையாளும் கப்பல் நிறுவனங்களின் உரிமையாளர் குறிகளை ஒரு சிறு பட்டியலாக வைத்து, புதிதாக ஒன்று வந்தால் மனிதரிடம் கேட்கும்படி செய்யுங்கள். மீதி 10-ஐ 0 ஆக்குவதாலும் சில பிழைகள் நழுவும். ஓ எழுத்துக்கும் சுழியத்துக்கும், ஐ எழுத்துக்கும் ஒன்றுக்கும் வரும் குழப்பத்துக்கு இந்தக் கணக்கே தேவையில்லை: முதல் நான்கும் எழுத்து, மற்றவை இலக்கம் என்று இடத்தை வைத்தே முடிவுசெய்துவிடலாம்.

பிழைச் செய்தியில் பலர் "கடைசி இலக்கம் 1 ஆக இருக்க வேண்டும்" என்று உதவும் நோக்கத்தில் காட்டுகிறார்கள். அப்படிக் காட்டவே கூடாது. கேட் மூடும் நேரம் நெருங்கும்போது ஏஜென்சியில் உட்கார்ந்திருக்கும் தம்பி செய்யக்கூடியது ஒன்றுதான்: "அண்ணே, கடைசி நம்பர மாத்திப் போட்டேன், இப்ப எடுத்துக்கிட்டு." உள்ளே இரண்டு இலக்கம் இடம் மாறிய எண் இப்போது முறையான முத்திரையுடன் தரவுத்தளத்துக்குள் போய்விட்டது. "பெட்டி எண் பொருந்தவில்லை. கதவில் உள்ளதையோ ஆவணத்தையோ பார்த்து முழு எண்ணையும் மீண்டும் அடிக்கவும்" என்று மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் பழைய மதிப்பை உள்ளீட்டுப் பெட்டியிலிருந்து அழித்தும் விடுங்கள்.

எடையிலும் இதே அளவு கண்டிப்பு வேண்டும். கடலில் மனித உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையின் திருத்தப்படி 2016 ஜூலை 1 முதல், சரக்கு ஏற்றிய ஒவ்வொரு கண்டெய்னருக்கும் சரிபார்த்த மொத்த எடையைக் கப்பலேற்றும் முன் தந்தாக வேண்டும். நெடுவரிசையின் பெயரிலேயே அலகை எழுதிவிடுங்கள்: 'எடை_கிலோ'. உப்பளத்தில் டன்னில் பேசுவார்கள், துறைமுகத்தில் கிலோவில் கேட்பார்கள். 'எடை' என்று மொட்டையாக விட்டால் இரண்டும் கலப்பது உறுதி.

மற்ற எண்களும் இந்த வழியில்தான். ஜி.எஸ்.டி. எண்ணின் 15 குறிகளில் கடைசி சோதனைக்கு உரியது, முதல் இரண்டு மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. ஐ.எஃப்.எஸ்.சி.யில் 11 குறிகள், ஐந்தாவது எப்போதும் சுழியம். 1921-இல் நாடார் வங்கியாகத் தொடங்கி இன்றும் தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் கிளைக் குறிகளை உள்ளூரில் எத்தனையோ பேர் தினமும் அடிக்கிறார்கள். அந்த ஐந்தாவது இடத்தில் சுழியத்துக்குப் பதில் ஓ வந்தால் நிரலே திருத்திவிடலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆதாரின் கடைசி இலக்கம் வெர்ஹூஃப் என்ற முறையில் வருவது. ஒற்றை இலக்கப் பிழையையும் அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறுவதையும் அது முழுமையாகப் பிடிக்கும். ஆனால் ஆதாரைச் சேமிக்க வேண்டிய அவசியம் உண்மையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாத எண் திருடு போகாது.

தமிழ் எழுத்துகள்

மாப்பிள்ளையூரணி என்ற பெயரில் எத்தனை எழுத்து? படித்துப் பார்த்தால் எட்டு: மா, ப், பி, ள், ளை, யூ, ர, ணி. பைத்தானில் நீளம் கேட்டால் 15 என்று சொல்லும். யுனிகோடில் உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனி கோட் பாயிண்ட் என்பதால் அந்த எண் வருகிறது. யு.டி.எஃப்-8-இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 45. இந்த மூன்று எண்களையும் குழப்பிக்கொள்வதால் வரும் சேதம் கொஞ்சநஞ்சமல்ல. நீளத்தைப் பைட்டில் அளக்கும் தரவுத்தளத்தில் ஊர்ப் பெயருக்கு 40 என்று அளவு வைத்தால் நம் ஊர் அதற்குள் நுழையாது. பெயரை இத்தனை குறி என்று எண்ணி வெட்டிக் காட்டும் திரை பல நேரம் எழுத்தின் நடுவில் வெட்டி, கொம்பையோ புள்ளியையோ அடுத்த வரியில் அனாதையாக விட்டுவிடும். குறுஞ்செய்தியில் ஆங்கிலம் என்றால் 160 குறி, தமிழ் வந்தால் 70. ஊர்ப் பெயர் மட்டுமே அதில் 15-ஐ எடுத்துக்கொள்ளும். செய்தி நீண்டு இரண்டாகப் பிரிந்தால் கட்டணமும் இரண்டு.

எழுத்தை எழுத்தாக எண்ண, வெட்ட, திருப்ப வேண்டுமானால் முத்து அண்ணாமலை தொடங்கிப் பலர் சேர்ந்து வளர்த்துவரும் ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். சரத்தைக் கொடுத்தால் எழுத்துகளின் பட்டியலைத் திருப்பித் தரும். உலாவியில் ஜாவாஸ்கிரிப்டின் 'இன்டல் செக்மென்டர்' கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும்.

இனி, ஒன்று போலத் தெரிந்து வேறாக இருப்பவை. 'கொ' என்ற எழுத்தை ககரத்தோடு ஒரே ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம், ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு சரம். பழைய கன்வெர்ட்டரில் மாற்றிய கோப்புகளில் துண்டு வடிவம் கலந்திருக்கும். இதற்கான மருந்து யுனிகோடிலேயே இருக்கிறது: உள்ளே வரும் எல்லாச் சரத்தையும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிய பிறகே சேமியுங்கள். தேடல் பெட்டியில் அடிப்பதையும் அதே மாதிரி மாற்றிய பிறகே தேடுங்கள்.

என்.எஃப்.சி. தீர்க்காத இரண்டு இருக்கின்றன, இரண்டும் நம் மாவட்டத்தில் தினசரி வருகிறவை. ஸ்ரீவைகுண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், யுனிகோட் 4.1 பதிப்பில் 2005-இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவத்தில் காட்டும். விசைப்பலகைக்கு விசைப்பலகை இது மாறுவதால், ஒரே ஊர் உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு வரியாக, இரண்டு கூட்டுத்தொகையோடு வரும். அடுத்தது 'கௌ'. ஔகாரக் குறியோடு எழுதுகிறவர்களும் உண்டு, கெ-வுக்குப் பக்கத்தில் ளகரத்தை அடித்துவிடுகிறவர்களும் உண்டு. கௌரி, சௌந்தரம், ஔவை எல்லாம் இப்படி இரண்டாகப் பிரியும். ஸ்ரீயை எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒரே வடிவத்துக்கு மாற்றலாம். ளகர விவகாரத்தில் நிரல் தானாகக் கை வைக்கக் கூடாது, 'தெளிவு' போன்ற நல்ல சொற்கள் கெட்டுவிடும். தேடலுக்கென்று மட்டும் ஒரு துணை நெடுவரிசை வைத்து, இரண்டையும் அங்கே ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். காட்டும் பெயர் அவர் எழுதியபடியே இருக்கட்டும்.

ரெகெக்ஸ் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பைத்தானின் இயல்பான ரெகெக்ஸ் தொகுப்பில் 'சொல்லின் எழுத்து' என்று பொருள்படும் பின்சாய்கோடு-டபிள்யூ குறி, தமிழின் கால், கொம்பு, புள்ளி எதையும் எழுத்தாகக் கணக்கில் எடுக்காது. பெயர்ப் பெட்டிக்கு அதை வைத்துத் தடை போட்டால் தமிழ்ப் பெயர் எழுதும் யாரும் உள்ளே வர முடியாது. 'ரெகெக்ஸ்' என்றே பெயருள்ள தனி நூலகத்தை நிறுவிக்கொள்ளுங்கள். அதில் பின்சாய்கோடு-பெரிய எக்ஸ் ஒரு முழு எழுத்தைப் பிடிக்கும்.

அகர வரிசைப்படுத்துவதை கோட் பாயிண்ட் வரிசைக்கு விட்டுவிட்டால் னகரம் பகரத்துக்கு முன்னால் வந்துவிடும், றகரம் லகரத்தை முந்தும், ஜெபமணி என்ற பெயர் ச-வுக்கும் த-வுக்கும் நடுவில் உட்காரும். ஐ.சி.யு. என்ற யுனிகோட் நூலகத்தில் தமிழுக்கென்று உள்ள வரிசைமுறையைக் கேட்டு வாங்குங்கள். போஸ்ட்கிரெஸ் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தே அதை ஏற்கிறது. மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்கள் 'யுடிஎஃப்8எம்பி4' என்ற குறியாக்கத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் 'யுடிஎஃப்8' அங்கே மூன்று பைட்டோடு நின்றுவிடுவதால் எமோஜியும், 2019-இல் யுனிகோடில் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகளும் அதில் ஏறாது.

அச்சகத்திலிருந்தோ பழைய சங்க அலுவலகத்திலிருந்தோ கோப்பு வந்தால் அது பாமினியிலோ வானவில்லிலோ இருக்கக்கூடும். திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். யுனிகோட் பரவுவதற்கு முன் எழுத்துருவை மாற்றித் தமிழ் காட்டிய காலத்தின் மிச்சம் அது. தமிழ்நாடு அரசு 2010-இல் யுனிகோடைத் தரமாக ஏற்ற பிறகும் அந்தக் கோப்புகள் புழக்கத்தில் இருக்கத்தான் செய்கின்றன. என்.எச்.எம். கன்வெர்ட்டர் இவற்றை மாற்றித் தரும். நிரலுக்குள்ளேயே செய்ய வேண்டுமென்றால் ஓபன்-தமிழிலும் அதற்கான பகுதி உண்டு. மாற்றிய பிறகு ஒரு பக்கத்தையாவது தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வாய்விட்டு வாசிக்கட்டும்.

ஆட்களின் பெயர்

முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டி வைப்பது நம்மூருக்குப் பொருந்தாது. முன்னெழுத்தும் பெயரும் சேர்ந்து ஒரே பெட்டியில் இருக்கட்டும். முன்னெழுத்து 'சு.' என்றும் வரும், 'எஸ்.' என்றும் வரும், இரண்டும் ஒரே ஆளைக் குறிக்கலாம்.

முத்துக்குளித்துறைக் கரைக்கே உரிய இன்னொரு விஷயம் இருக்கிறது. 1530-களில் பரதவர்கள் போர்த்துக்கீசியர் காலத்தில் கத்தோலிக்கம் தழுவியபோது வந்த குடும்பப் பெயர்கள் இன்றும் இங்கே வழங்குகின்றன: பர்னாந்து, மச்சாது, ரொட்ரிகோ, கொரைரா, மோத்தா. ஒரே குடும்பத்தில் ஒருவர் பர்னாந்து என்று எழுதுவார், மற்றவர் பெர்னாண்டோ என்பார், வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலம் வேறு மாதிரி இருக்கும். படகுக் கூலியை வங்கிக் கணக்குக்கு அனுப்பும் நிரலில் பெயரை வைத்து ஆளைப் பொருத்தினால் ஒருவர் கூலி இன்னொருவருக்குப் போகும். லெவன்ஷ்டைன் 1965-இல் சொன்ன முறைப்படி இரண்டு சரங்களின் தூரத்தை அளக்கலாம், 'ரேப்பிட்ஃபஸ்' என்ற நூலகம் அதை நொடியில் செய்யும். அதன் விடையை யோசனையாக மட்டும் திரையில் காட்டுங்கள். "இவர்தானா?" என்று கேட்டு, ஆளைத் தெரிந்த ஒருவர் 'ஆமாம்' சொன்ன பிறகே சேருங்கள். பணம் போகும் இடத்தில் நிரல் தானாக முடிவெடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

நேரம்

தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் கண்டெய்னர்களில் பல கொழும்பில் கப்பல் மாறும். இன்று கொழும்பு நேரமும் நம் நேரமும் ஒன்று, யு.டி.சி.யோடு ஐந்தரை மணி. அதனால் இரண்டையும் ஒரே மண்டலமாக எழுதிவிடலாம் என்று தோன்றும். ஆனால் 1996 மே மாதம் இலங்கை ஆறரை மணிக்கு மாறியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணிக்கு வந்தது. 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அரசுகள் நேரத்தை மாற்றும், அதை நம் நிரலிடம் கேட்டுவிட்டு மாற்றாது. '+5:30' என்ற எண்ணைச் சேமிப்பதைவிட யு.டி.சி. நேரத்தோடு 'ஏசியா/கொலம்போ', 'ஏசியா/கொல்கத்தா' என்ற மண்டலப் பெயரையும் சேமியுங்கள். கணக்கை ஐ.ஏ.என்.ஏ. பராமரிக்கும் மண்டலத் தரவுத்தளம் பார்த்துக்கொள்ளும்.

வெறும் தேதிக்கு நேரத்தைச் சேர்க்காதீர்கள். தாமதக் கட்டணம் (டெமரேஜ்) இல்லாமல் கண்டெய்னரை வைத்திருக்கக் கிடைக்கும் இலவச நாள்கள் டிசம்பர் 5-உடன் முடிகின்றன என்று வைத்துக்கொள்வோம். உலாவியில் அதை நம் ஊர் நள்ளிரவாக எடுத்து, ஜாவாஸ்கிரிப்டின் ஐ.எஸ்.ஓ. சரமாக மாற்றி அனுப்பினால், சர்வருக்கு டிசம்பர் 4, மாலை 18:30 என்று போகும். முதல் பத்துக் குறியை மட்டும் எடுத்தால் ஒரு நாள் காணாமல் போயிற்று. டெமரேஜ் கணக்கில் ஒரு நாள் என்பது பணம். தேதியைத் தேதி வகையாகவே, நேரமில்லாமல், ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் அனுப்புங்கள்.

சோதனைக் கோப்பும் கிட்டும்

இதுவரை சொன்ன வில்லங்கங்களை எல்லாம் ஒரே சி.எஸ்.வி.யில் ஐம்பது அறுபது வரியாக எழுதிவையுங்கள். இரண்டு விதமான ஸ்ரீவைகுண்டம், துண்டாக எழுதிய கொ, 0461, கதவு எண் 4/12, இலக்கம் இடம் மாறிய பெட்டி எண், மீதி 10 வரும் பெட்டி எண், பி.ஓ.எம். உள்ளதும் இல்லாததும். வாடிக்கையாளரின் உண்மையான பெயர், ஆதார், கணக்கு எண் எதுவும் அதில் இருக்கக் கூடாது, உருவம் மட்டும் போதும். புதிதாக ஒரு புகார் வரும்போதெல்லாம் அந்த வரியை முதலில் இந்தக் கோப்பில் சேருங்கள், டெஸ்ட் தோற்பதைப் பாருங்கள், பிறகு நிரலைத் தொடுங்கள். கோப்பு நிரலோடு சேர்ந்தே கிட்டில் இருக்கட்டும்.

இப்படி ஒரு கோப்பு கையில் இருந்தால் 'கிட் பைசெக்ட்' என்ற கட்டளையின் முழுப் பலனும் கிடைக்கும். போன மாதம் சரியாக எடுத்த வரியை இன்று எடுக்கவில்லை என்றால், சரியாக இருந்த கமிட்டையும் இப்போதுள்ள கமிட்டையும் சொல்லி, டெஸ்ட்டை ஓட்டும் ஸ்கிரிப்டையும் கொடுத்துவிடுங்கள். நடுவில் நடுவில் பிரித்துப் பார்த்துக்கொண்டே போகும். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துச் சுற்றுக்குள் குற்றவாளியைக் காட்டும். கமிட்டுகள் சிறிதாக இருந்தால்தான் இதில் லாபம். ஒரே கமிட்டில் முப்பது கோப்பை மாற்றியிருந்தால் அந்த முப்பதுக்குள் நீங்கள்தான் தேட வேண்டும்.

மூலக் கோப்பு

வந்த கோப்பை வந்தபடியே, ஒரு பைட் மாற்றாமல், தேதியிட்ட தனி அடைவில் வைத்துவிடுங்கள். திருத்துவதெல்லாம் அதன் நகலில் நடக்கட்டும். தரவுத்தளத்தின் ஒவ்வொரு வரியிலும் அது எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது என்று எழுதிவையுங்கள். "நாங்க இப்படி அனுப்பலையே" என்று ஏஜென்சி அண்ணாச்சி சொன்னால் வாக்குவாதம் தேவைப்படாது, அவர் அனுப்பிய வரியையே அவருக்குக் காட்டலாம். நிரலின் மாற்று விதியில் பிழை இருந்தது என்று பின்னால் தெரியவந்தாலும் மூலத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

அந்த அடைவின் நகல் எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் நின்றது, சாலையும் ரயிலும் மின்சாரமும் இணையமும் அறுபட்டன. தரைத்தளத்தில் மேசைக்குக் கீழே இருக்கும் சர்வர், அதே அறையில் அலமாரியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க், இரண்டும் ஒரே தண்ணீரில் போகும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்றாவது மாவட்டத்துக்கு வெளியே. மும்பையிலோ ஹைதராபாத்திலோ உள்ள கிளவுட் இடமும் போதும். 'ரெஸ்டிக்' போன்ற கருவி மறைகுறியாக்கம் செய்து, மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதால் மெதுவான இணைப்பிலும் இரவுக்குள் முடியும். கடவுச்சொல்லை அந்தக் கணினியிலேயே வைக்காமல், தாளில் எழுதி வாடிக்கையாளரின் பீரோவில் ஒன்றும் உங்களிடம் ஒன்றும் வையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வெளியூர் நகலிலிருந்து வேறொரு கணினியில் எல்லாவற்றையும் மீட்டெடுங்கள். மீண்ட மூலக் கோப்புகளை இறக்குமதி நிரலில் ஓட்டி, வரும் வரிகளின் எண்ணிக்கையும் எடையின் கூட்டுத்தொகையும் நடப்புத் தரவுத்தளத்தோடு பொருந்துகிறதா என்று எஸ்கியூலைட்டில் ஒப்பிடுங்கள். பொருந்தாத கோப்பின் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த புதிய வேலையைத் தொடும் முன் அதன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.